சந்தைச் சிலுவைப் படியில் குற்றம் சொல்ல ஆளில்லை

நெதர்கூம்,
அக்டோபர் 18, லூக்கா திருநாள், மாலை ஆறு மணி.

சிட்மத் கடற்கரையில், கடலைப் பார்த்த ஜன்னல் வைத்த வீட்டில், மாடிப்படி ஏறும் தொல்லையில்லாமல் வாழ்ந்துவரும் செல்வி ஹெஸ்டர் யாண்டல் அவர்களுக்கு, அவருடைய காலஞ்சென்ற அக்காள் ஐவியின் கணவன் ஜேபஸ் டகெட் எழுதுவது.

மரியாதைக்காக முதலில் நலம் விசாரிக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடற்காற்று ஒத்துக்கொள்கிறதா? ஒத்துக்கொண்டால் சந்தோஷம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை நான் ஏப்ரல் மாதமே சொன்னேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இன்று நாலு மணி நேரம் மழையில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்ததால் தும்மல் வருகிறது, அவ்வளவுதான். இந்தத் தாளில் அங்கங்கே மை கலைந்திருந்தால் அது தும்மல். வேறு எதுவும் என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். சந்தை செத்துவிட்டது. எழுநூறு வருஷமாக உயிரோடு இருந்த நெதர்கூம் சந்தை, இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, நடுத்தெருவில் கல்தூணாக நிற்கும் நம்முடைய சந்தைச் சிலுவையின் படியிலேயே, ஊரே குடை பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்தது. கொள்ளைநோய் வந்தபோது சாகவில்லை. உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் சிலுவையின் தலையை உடைத்தபோது சாகவில்லை. (சிப்பாய்கள் இல்லை, சாராய வண்டி மோதித்தான் தலை உடைந்தது என்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் நீ பிள்ளைகளுக்குச் சிப்பாய்கள் என்றே சொல்லிக் கொடுத்தாய், அது இருக்கட்டும்.) நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு போன ஆறாவது மாதம் செத்தது. யார்மேலும் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. தேதியைக் கணக்குப் போட்டால் அப்படி வருகிறது, நான் என்ன செய்ய?

நம் வழக்கம் உனக்கு மறந்திருக்கும். கடலை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மறதி வரும் என்று நூலக வண்டியில் எடுத்த ஒரு புத்தகத்தில் படித்தேன். ஆகையால் ஞாபகப்படுத்துகிறேன். லூக்கா திருநாளில், கோயில் மணி பதினொன்று அடித்ததற்கும் பன்னிரண்டு அடிப்பதற்கும் நடுவில், சிலுவையின் படியில் ஒரு பொருளாவது விற்றாக வேண்டும். விற்றால் ஊருக்குச் சந்தை உரிமை இன்னும் ஒரு வருஷம் நிற்கும். ஒரு காலத்தில் ஆடும் மாடும் பாலாடைக்கட்டியும் தெருவை அடைத்துக்கொண்டு விற்ற இடம், சுருங்கிச் சுருங்கி, என்னுடைய அரை ராத்தல் வெண்ணெயில் வந்து நிற்கிறது. விற்கிறவன் மூன்றாம் படியில், தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த அந்தப் பள்ளத்தில், முட்டைக்கோஸ் இலை போட்டுச் சரக்கை வைக்க வேண்டும். வாங்குகிறவர் இந்த ஊரில் அடுப்பு எரிக்கிறவராக இருக்க வேண்டும், ஆனால் விற்கிறவன் வீட்டு அடுப்பாக இருக்கக் கூடாது. அவர் தரையில் நின்று, கூடியிருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, சரக்கில் மூன்று குற்றம் சொல்ல வேண்டும். விற்கிறவன் மூன்றையும் மறுக்க வேண்டும். அப்புறம் தூணைச் சுற்றி இரண்டு பேரும் கைகொடுத்தால் வியாபாரம் முடிந்தது. நடுவில் புகழ்ந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் செல்லாது. ஏனென்றால் சந்தையில் நின்று சரக்கைப் புகழ்கிறவன் விற்கிறவனுடைய ஆளாகத்தான் இருப்பான். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

முப்பத்தொரு வருஷம் நான் விற்றேன், நீ வாங்கினாய். ஒரு தடவைகூட நீ குற்றம் தேடித் தடுமாறியது கிடையாது. இப்போது இந்த ஊரில் நானூறு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவருக்குக்கூட ஒரு மனிதன் முகத்தைப் பார்த்து 'உன் வெண்ணெய் சரியில்லை' என்று சொல்லத் துப்பில்லை. பாதிப் பேர் லண்டனிலிருந்து வந்தவர்கள். காலை மிதித்தால் மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி. பழைய ஆட்கள் என்று பார்த்தால் நாலே பேர். பர்ட்டுக்குக் காது கேட்காது, நான் மறுப்பது அவனுக்குக் கேட்காவிட்டால் அது வியாபாரம் இல்லை. இரண்டு பேர் படுக்கையில். மிச்சம் திருமதி டாப். அவளை நான் 1971இல் ஒரே ஒரு தடவை சத்தம் போட்டேன், அதுவும் நியாயமாகத்தான், அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே "நல்லா இருக்கு ஜேபஸ், ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

ஆகவே ஆகஸ்ட் மாதமே கோயில் இதழில் ஒரு விளம்பரம் கொடுத்தேன். 'வெண்ணெயில் குற்றம் காண ஆள் தேவை. வயது வரம்பு இல்லை. தைரியம் அவசியம்.' ஒரே ஒரு ஆள்தான் வந்தார். யார் தெரியுமா? உன் வீட்டை வாங்கியிருக்கிறாளே, ஃபெனெல்லா, அவள்தான். உன் வாசல் கதவுக்கு முட்டை மஞ்சள் நிறத்தில் சாயம் அடித்திருக்கிறாள். நான் அந்த வழியாகப் போவதில்லை. மற்றபடி நல்ல பெண். எனக்கு இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தாள். செப்டம்பர் முழுக்கச் செவ்வாய்க்கிழமை தோறும் என் சமையலறையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தேன். ஒரு தட்டில் வெண்ணெயை வைத்து, "சொல்லுங்க" என்பேன். அவள் அதைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள். கழுத்திலிருந்து மேலே சிவப்பாள்.

"வந்து... உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோன்னு..."

"நல்லது. நிறுத்தாதீங்க."

"...ஆனா எனக்கு உப்பு ரொம்பப் பிடிக்கும்."

"கெட்டுது போங்க. திரும்ப."

"ஐயோ, மன்னிச்சிருங்க மிஸ்டர் டகெட். நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டுக் கடைஞ்சிருப்பீங்கன்னு நினைச்சா வாயே வர மாட்டேங்குது."

"என் கஷ்டம் உங்களுக்கு எதுக்கு? நீங்க வாங்க வந்தவங்க. நான் உங்களை ஏமாத்தப் பார்க்கிறவன். அப்படி நினைச்சுக்குங்க."

"நீங்க யாரையும் ஏமாத்த மாட்டீங்களே!" என்று சொல்லி அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன செய்வது சொல். கடைசியில் மூன்று குற்றத்தையும் ஒரு சீட்டில் எழுதி மனப்பாடம் பண்ணச் சொன்னேன். ஒன்று, நிறம் வெளுப்பு. இரண்டு, மோர் சரியாகப் பிழியவில்லை. மூன்று, எடை குறைவு. மூன்றும் பொய். ஆனால் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன் என்று இப்போது தோன்றுகிறது. இதை நீ வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இன்று காலை பத்தரைக்கே நான் படியில் இருந்தேன். மழை. அங்கே எனக்கு முன்னால் ஊர்மன்றத் தலைவர் சீமோர் வந்து நிற்கிறார், பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி, அதில் ஆறு ஜெரேனியம் தொட்டிகள். உனக்குத் தெரியும், சந்தை உயிரோடு இருக்கும்வரை சிலுவையின் படியில் யாரும் எதையும் நிரந்தரமாக வைக்க முடியாது. எட்டு வருஷமாக அந்த ஆள் அந்தப் படிகளில் பூத்தொட்டி வைக்கத் தவம் கிடக்கிறார். 'அழகான கிராமம்' போட்டியில் நமக்கு மூன்றாம் இடம் கிடைத்ததற்குச் சிலுவை மொட்டையாக நிற்பதுதான் காரணமாம்.

"என்ன சீமோர், சாவு வீட்டுக்கு மாலை வாங்கிட்டு வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றேன்.

"சும்மா ஒரு முன்னேற்பாடு, ஜேபஸ். உங்களுக்கு என் வாழ்த்துகள்" என்றார். பல்லைக் காட்டினார்.

பதினொன்று அடித்தது. பாதிரியார் ஜெபம் பண்ணினார். புதுப் பாதிரியார், இளைஞர், கிடார் வாசிப்பவர். "ஆண்டவரே, இந்த அருமையான வெண்ணெய்க்காக உமக்கு நன்றி" என்று ஆரம்பித்துவிட்டார். நான் உடனே கையைத் தூக்கி நிறுத்தினேன். கண்ணை மூடி நின்ற கூட்டம் முழுக்கக் கண்ணைத் திறந்தது. 'அருமையான' என்ற வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். ஆண்டவரிடம் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்பப் பெறுவது என்று அவர் கேட்டார். வாங்குகிறவர் புகழ்ந்தால்தான் செல்லாது, பாதிரியார் வாங்க வரவில்லை, ஆண்டவரும் வாங்க வரவில்லை என்று ஒரு மாதிரி முடிவுக்கு வருவதற்குள் பத்து நிமிஷம் போய்விட்டது. நீ இருந்திருந்தால் "ஆமென்" என்று ஒரே வார்த்தையில் அவர் வாயை மூடியிருப்பாய்.

ஃபெனெல்லா வந்து நின்றாள். புது மழைக்கோட்டு. தரையில் சரியான இடத்தில், நீ நிற்கிற அதே கல்லில் நின்றாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே நின்றாள். எனக்கு ஒரு நிமிஷம் என்னவோ போல் இருந்தது. சரி, அதை விடு.

"கடைக்காரரே!" என்று நல்ல குரலில்தான் ஆரம்பித்தாள். "உங்க வெண்ணெயோட நிறம்..."

"நிறத்துக்கு என்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் மூக்கு நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "...அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லாது. இரண்டாம் தடவை "மோர்" என்று ஆரம்பித்து "மோர் ரொம்ப உடம்புக்கு நல்லது" என்று முடித்தாள். மூன்றாம் தடவை வாயே திறக்கவில்லை, அழுதுவிட்டாள். கூட்டம் அவளுக்குக் கைதட்டியது! எதற்கு என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. இந்தக் காலத்தில் தோற்றால் கைதட்டுகிறார்கள்.

மணி பதினொன்று நாற்பது. சீமோர் பெரிய மனது பண்ணுவதுபோல முன்னால் வந்து, "நான் வாங்கறேன் ஜேபஸ். எனக்கும் ஊர்மேல அக்கறை இருக்கு" என்றார். தொட்டியோடு வந்த ஆள் தொட்டிக்கு எதிராகவே வாங்குகிறானே என்று ஒரு கணம் மதிப்புக்கூட வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த வெண்ணெயில பல சிறப்பம்சங்கள் இருந்தாலும், சில இடங்கள்ல மேம்படுத்த வாய்ப்பு இருக்கு." முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவர், வேறு மாதிரிப் பேச வராது. செல்லாது. வேண்டுமென்றே செய்தாரா, வராமல் போனதா, எனக்கு இன்னும் சந்தேகம்.

இந்த நேரத்தில்தான் அந்த லாரி வந்தது. கால்நடைத் தீவனம் ஏற்றிய பெரிய லாரி, எங்கேயோ வழி தப்பி நம் தெருவுக்குள் நுழைந்து, சிலுவைக்கும் மதுக்கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஓட்டுநர் தலையை நீட்டினார். தலை என்றால், ஹெஸ்டர், பூசணிக்காய் மாதிரி ஒரு தலை.

"யோவ் பெருசு! நடுத்தெருவுல எவன்யா இந்தக் கல்லை நட்டான்?"

"பதிமூணாம் நூற்றாண்டுல நட்டாங்க. உன் லாரிதான் தப்பான நூற்றாண்டுல வந்திருக்கு."

"அது மேல என்னத்தை வெச்சுக் காவல் காக்கிறே?"

"வெண்ணெய்."

"வெண்ணெயா அது? என் வண்டி அச்சுக்குப் போடற மசகு மாதிரி இருக்கு! பாரு, தண்ணி விட்டுக்கிட்டுக் கிடக்கு. ஓரமெல்லாம் கோணல். கண்ணை மூடிக்கிட்டுத் தட்டினியா?"

மூன்று! எண்ணிப் பார், மூன்று! கூட்டம் "ஆ" என்றது. ஏப்ரலுக்குப் பிறகு இந்த ஊரில் ஒரு மனிதக் குரலைக் கேட்டமாதிரி இருந்தது. "மசகு இல்லை! தண்ணி மழைத்தண்ணி! கோணல் உன் கண்ணு!" என்று ஒரே மூச்சில் மூன்றையும் மறுத்தேன். அந்த மனிதர் இறங்கி வந்தார். தூணைச் சுற்றிக் கையை நீட்டிவிட்டேன். அவரும், என்ன ஏது என்று தெரியாமலே, கையைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் சீமோர், "ஐயா, உங்களுக்கு எந்த ஊர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பர்மிங்ஹாம்."

"இங்க உங்களுக்கு அடுப்பு ஏதாவது...?"

"எனக்கு வீட்டுலயே அடுப்பு கிடையாதுய்யா, பொண்டாட்டி எடுத்துட்டுப் போயிட்டா."

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அந்த ஓட்டுநர் நல்ல மனிதர், தன்னால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று புரிந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு லாரியைப் பின்னால் எடுக்கும்போது கீழ்ப்படியில் ஒரு முனையைக் கட்டைவிரல் அளவுக்குப் பெயர்த்துவிட்டுப் போனார். அந்தத் துண்டு என் சட்டைப்பையில் இருக்கிறது.

சீமோர் முதல் தொட்டியைத் தூக்கினார். நான் மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஜேபஸ், எழுந்திருங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"முடியலை. இன்னிக்கு லூக்கா திருநாள் இல்லை."

"பின்னே?"

"ஆயிரத்து எழுநூத்து அம்பத்திரண்டுல அரசாங்கம் காலண்டர்ல பதினோரு நாளைத் திருடிக்கிச்சு. சந்தை அதுக்கு முந்தியது. பழைய கணக்குல லூக்கா திருநாள் வர்ற இருபத்தொன்பதாம் தேதிதான்."

"அப்ப முப்பத்தொரு வருஷமா நீங்க தப்பான நாள்லயா வித்தீங்க?"

"இல்லை. அதுவும் சரி."

"ரெண்டும் எப்படி ஜேபஸ் சரியா இருக்கும்?"

"உட்கார்ந்திருக்கிறது நான். எது சரின்னு நான் சொல்றேன்."

நாலு மணிவரை உட்கார்ந்திருந்தேன். ஃபெனெல்லா குடை கொண்டுவந்தாள், வேண்டாம் என்றேன். பாதிரியார் சூப் கொண்டுவந்தார், குடித்தேன். அதில் உப்பே இல்லை, 'நன்றாக இருக்கிறது' என்று நானே சொல்லிவிட்டேன். இந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது. கடைசியில் சீமோர் தொட்டிகளைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனார். இருபத்தொன்பதாம் தேதிவரை தவணை. அதற்குமேல் ஒரு நாள்கூடத் தர முடியாதாம்.

ஹெஸ்டர், அந்த நாலு மணி நேரம் கல்லில் உட்கார்ந்து எனக்கு வேறு வேலை இல்லாததால் உன் குற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முதல் வருஷம் நீ புதுசாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்தியாரம்மா, "கடைக்காரரே, உங்க வெண்ணெய்ல ஒரு மாட்டு முடி இருக்கு, அதை எடையில சேர்த்துக்கலாமா?" என்று கேட்டாய். வெண்ணெய் அக்காள் கடைந்தது, தங்கை குற்றம் சொல்கிறாள், ஐவி மதுக்கடை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெரிய பனி வருஷம், "இதை வெட்டக் கோடாலியும் சேர்த்துக் குடுப்பீங்களா?" என்றாய். இவையெல்லாம் விளையாட்டு.

ஐவி இறந்த வருஷம் நீ சொன்னது விளையாட்டு இல்லை. அவளை அடக்கம் பண்ணி ஐந்து வாரம். யாரும் நான் படிக்கு வருவேன் என்று நினைக்கவில்லை. நானே முதல்முதலாகக் கடைந்த வெண்ணெய் அது, பார்க்கவே சகிக்காது, எனக்கே தெரியும். ஊர் முழுக்க, வேண்டாம் ஜேபஸ், இந்த வருஷம் யாராவது ஒரு முட்டையை விற்கட்டும் என்று கெஞ்சியது. நீ கறுப்பு உடையில் வந்து அந்தக் கல்லில் நின்றாய். "கடைக்காரரே, இதுல உப்பே இல்லை. மோரைப் பிழியவே இல்லை. எங்க அக்கா பேரைக் கெடுக்கறதுக்குன்னே கடைஞ்சிருக்கீங்க" என்றாய். உனக்கு ஈரமே இல்லை என்று ஊர் ஒரு வருஷம் பேசியது. எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவே பாலை ஊற்றிக் கடையும் பீப்பாயைச் சுற்ற ஆரம்பித்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கோபத்தில்தான் காலையில் எழுந்தேன். எனக்குப் பிழியத் தெரியும் என்று காட்டுகிறேன் பார், உப்புப் போடத் தெரியும் என்று காட்டுகிறேன் பார் என்று எழுந்தேன். அது இல்லாவிட்டால் எதற்காக எழுந்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. இதை நான் உனக்குச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, சந்தை விஷயத்தில் ஒரு தகவலாக எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து என்னிடம் ஒரு குற்றமும் இல்லை, ஹெஸ்டர். வாசல் கதவு கீல் ஆறு மாதமாகக் கத்துகிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலுக்குப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன், "நல்லா இருக்கீங்க ஜேபஸ்" என்றார்கள். முடி காது வரை வளர்ந்துவிட்டது. "உங்களுக்குப் பொருத்தமா இருக்கு." ஒரு மனிதன் இப்படி எத்தனை நாள் குற்றமில்லாமல் இருக்க முடியும்?

ஏப்ரலில் நீ பஸ் ஏறியபோது, சிலுவைக்குப் பக்கத்தில், பெட்டி உள்ளே போய்விட்டது, நீ படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, "ஒண்ணும் சொல்லலையா ஜேபஸ்?" என்று கேட்டாய். "பஸ் மூணு நிமிஷம் தாமதம்" என்றேன். அது உண்மைதான், கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனாலும் அதற்குப் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்ததில், நீ கேட்டது அதை இல்லையோ என்று தோன்றுகிறது.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நீ சிலுவைப் படியில் இருந்தாக வேண்டும். உனக்கு இங்கே அடுப்பு இல்லையே என்று கேட்பாய். யோசிக்காமலா எழுதுவேன்? ஊரைவிட்டுப் போனவருக்கு ஒரு வருஷம் ஒரு நாள்வரை அடுப்பு உரிமை உண்டு என்று பழைய ஊர்க்கட்டளை இருக்கிறது. சீமோர் ஒப்புக்கொண்டார், அவருக்கு அதைப் படிக்கத் தெரியாததால். நாற்பது மைல்தான், நீ சந்திரனுக்குப் போகவில்லை. இது என் சொந்த வேண்டுகோள் இல்லை. எனக்கு ஒன்றும் தேவையில்லை. கல்லுக்காகவும், எழுநூறு வருஷத்துக்காகவும், ஜெரேனியத்துக்கு எதிராகவும் கேட்கிறேன். இந்த உலகத்தில் என் வெண்ணெயில் மூன்று குற்றம் சொல்ல உன்னைத் தவிர ஆள் கிடையாது. நீ வராவிட்டால் சந்தை செத்ததற்கு நீதான் பொறுப்பு, கல்லறையில் ஐவிக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

உன் முழங்காலுக்கு என் விசாரிப்புகள். கடலுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, எந்தக் குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும். ஆனால் இருபத்தெட்டாம் தேதி ராத்திரிக்குள் அங்கே உனக்கு ஏதாவது ஒரு சின்னக் குறையையும் அவரே காட்டிக் கொடுக்கட்டும்.

தன் நிலையிலிருந்து ஒரு அங்குலமும் மாறாத,
ஜேபஸ் டகெட்.

பின்குறிப்பு (19ஆம் தேதி, மாலை): நேற்று வியாழக்கிழமை, தபால் நிலையம் அரை நாளோடு மூடிவிட்டதால் தபால்தலை கிடைக்கவில்லை, கடிதம் மேஜைமேலேயே கிடந்தது. இன்று சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஃபெனெல்லா. பேய் அறைந்தமாதிரி முகம். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறாள். வாசலிலேயே நின்று, கையை இறுக்கி மூடிக்கொண்டு, "மிஸ்டர் டகெட், உங்க வெண்ணெய் ஊசிப்போன வாசனை அடிக்குது. நீங்க பீப்பாயைக் கொதிக்கிற தண்ணில கழுவறதே இல்லை, அந்தச் செவ்வாய்க்கிழமையெல்லாம் நான் பார்த்தேன். அப்புறம் நீங்க எழுதிக் குடுத்த மூணும் பொய், எனக்குப் பொய்யா குற்றம் சொல்ல வராது, அதான் நேத்து வரலை. உங்க வாசல் கதவு சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. உங்க மூஞ்சியும் யாரும் கிட்ட வரக் கூடாதுங்கற மாதிரி இருக்கு" என்றாள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நாலு. நாலும் உண்மை. சொல்லி முடித்ததும், "மன்னிச்சிருங்க" என்று கேட்கவில்லை, ஹெஸ்டர். நிமிர்ந்து நின்றாள். கைகொடுத்தேன்.

ஆகவே இருபத்தொன்பதாம் தேதி சந்தைக்கு ஆள் கிடைத்துவிட்டது. இனி வருஷா வருஷமும் கிடைக்கும், அந்தப் பெண்ணுக்கு வயசு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. சீமோர் தொட்டியை வேறு எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். மேலே நான் எழுதியிருக்கிற எந்தக் காரணத்துக்காகவும் உன்னுடைய தேவை இங்கே இல்லை. கல்லுக்கு நீ தேவையில்லை, ஊருக்குத் தேவையில்லை, எழுநூறு வருஷத்துக்கும் தேவையில்லை. இதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தேநீர் போட்டுக் குடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். தேநீர் ஆறிவிட்டது.

இருபத்தொன்பதாம் தேதி வராதே. அன்று கூட்டமாக இருக்கும். முப்பதாம் தேதி வா. அன்று இந்த ஊரில் ஒன்றும் இல்லை.